படத்தில் தெரியாத கோடுகள்: பழைய ப்ரூஃப் நாணயங்களை இணையத்தில் வாங்கக் கற்றுக்கொண்ட விதம்

மெருகேற்றிய அச்சால் தனிக் கவனத்தோடு அடிக்கப்படும் நாணயத்தை ப்ரூஃப் என்பார்கள். இணையத்தில் நான் முதன்முதலாக வாங்கிய பழைய ப்ரூஃப் நாணயம் 1937ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கிரவுன். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி பிரிட்டிஷ் நாணயசாலையான ராயல் மின்ட் வெளியிட்ட 15 நாணயங்கள் கொண்ட தொகுப்பில் அதுதான் மிகப் பெரியது, எடை 28.28 கிராம், அதில் பாதி வெள்ளி. முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என விற்பவர் இரண்டே படங்கள் போட்டிருந்தார். இரண்டிலும் நாணயம் மாசு மருவின்றிப் பளிச்சென்று இருந்தது. பொதி வந்த அன்று மாலை அதை மேசை விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தேன். நேராகப் பார்த்தபோது படத்தில் கண்ட அதே நாணயம்தான். சற்றே சாய்த்தேன். மன்னரின் முகத்துக்கு முன்னால் உள்ள வெற்றுப் பரப்பு முழுவதும், ஒரே திசையில், நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் ஒருசேர எழுந்து மின்னின. இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் அவ்வளவும் மறைந்துவிட்டன. யாரோ எப்போதோ அதை ஒரு துணியால் துடைத்திருக்கிறார்கள். ப்ரூஃப் நாணயம் கெட ஒரே ஒரு துடைப்பு போதும்.

விற்பவர் பொய் சொன்னார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட கோணத்தில் அந்தக் கோடுகள் உண்மையிலேயே தெரியாது என்பதை, அதே விளக்கின் கீழ் நானே என் கைபேசியால் படம் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆறு படங்களில் ஒன்றே ஒன்றில்தான் அவை தெரிந்தன. அன்றிலிருந்து, விற்பனைக்கு வரும் எந்த ப்ரூஃப் நாணயத்தின் படத்தைப் பார்த்தாலும், அதில் தெரிவதைப் பற்றி யோசிப்பதற்கு முன், அந்த ஒளியில் எதெல்லாம் தெரிய வாய்ப்பில்லை என்று யோசிக்கப் பழகிக்கொண்டேன்.

ப்ரூஃப் என்பது நாணயத்தின் நிலையைக் குறிக்கும் சொல் அன்று. அது செய்யப்பட்ட முறையைக் குறிக்கும் சொல். மெருகேற்றிய அச்சும் மெருகேற்றிய வெற்று உலோக வில்லையும் கொண்டு, பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி, நிதானமாக அடிக்கப்படும் நாணயம் அது. ஆகவே துடைக்கப்பட்டாலும், தேய்ந்தாலும், பல ஆண்டுகள் யாரோ ஒருவரின் சட்டைப்பையில் கிடந்தாலும் அது ப்ரூஃபாகவே இருக்கும். வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோல்தான் இன்று எல்லா நாணயங்களுக்கும் விரிந்திருக்கிறது. அதில் ப்ரூஃபுக்கு உரிய இடம் 60 முதல் 70 வரை. அதற்குக் கீழே இறங்கியதைச் சேதமுற்ற ப்ரூஃப் என்பார்கள். விற்பவர் ‘ப்ரூஃப்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நிலையைப் பற்றி அவர் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

சாதாரண நாணயத்தைப் பார்த்துப் பழகிய கண் உருவத்தைத்தான் முதலில் தேடும்: முடியிழை தெளிவாக இருக்கிறதா, எழுத்து தேய்ந்திருக்கிறதா என்று. ப்ரூஃபில் அவையெல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதன் மதிப்பு தங்கியிருப்பது உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பில். அந்தப் பரப்பு கண்ணாடி போன்றது. சாதாரண நாணயத்தின் சுழலும் மினுமினுப்பில் கரைந்துபோகும் சிறு கீறல்கூட இங்கே தனித்துத் தெரியும். அதனால்தான் முகத்துக்கு முன்னும் பிடரிக்குப் பின்னும் அகன்ற வெற்றிடம் கொண்ட கிரவுன் போன்ற நாணயங்களில் குறையில்லாதது கிடைப்பது அரிது.

ஒளியைப் பற்றி ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். மயிரிழைக் கீறல் ஒவ்வொன்றும் மிக மெல்லிய பள்ளம். அதற்குக் குறுக்காக ஒளி விழும்போதுதான் அது ஒளியைச் சிதறடித்து மின்னும். கீறல் ஓடும் திசையிலேயே ஒளியும் வந்தால் கண்ணுக்குப் படாமல் போய்விடும். என் கிரவுனில் நடந்தது இதுதான். ஆகவே ஒரே திசையிலிருந்து விழும் ஒளியில் எடுத்த படம் எத்தனை தெளிவாக இருந்தாலும் பாதிச் சாட்சிதான். நாணயத்தை அதே இடத்தில் கால் வட்டம் திருப்பி வைத்து இன்னொரு படம் எடுத்தால் மீதிப் பாதி வரும். டியூப் லைட்டின் கீழோ, மேகமூட்டமான பகலில் ஜன்னலோரத்திலோ எடுத்த படத்தில் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் மெதுவாக வந்து விழுவதால் கீறல்கள் அமுங்கிப்போகும். ஒரே ஒரு பல்பு, அதுவும் சற்றுத் தொலைவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

படத்தின் தரத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்றை வைத்திருக்கிறேன். 1937 கிரவுனில் மன்னரின் கழுத்து வெட்டுக்குக் கீழே, வடிவமைத்த ஹம்ஃப்ரி பேஜட்டின் முதலெழுத்துகள் மிகச் சிறிதாக இருக்கும். படத்தைப் பெரிதாக்கி அந்த இரண்டு எழுத்துகளைப் பார்ப்பேன். அவற்றின் ஓரங்களே கலங்கியிருந்தால், அவற்றைவிடப் பல மடங்கு மெல்லிய கீறல் அந்தப் படத்தில் தெரிய வழியே இல்லை. படம் சுத்தமாக இருப்பதை வைத்து நாணயம் சுத்தமாக இருப்பதாக முடிவு கட்டக் கூடாது. இப்படிப்பட்ட நுண்ணிய அடையாளம் பெரும்பாலான நாணயங்களில் எங்காவது இருக்கும். நாணயம் வைக்கப்பட்ட வெள்ளைத் தாளையும் பார்ப்பேன். தாளின் சொரசொரப்பு தெரியாமல் வெறும் வெண்மையாக வெளுத்திருந்தால், அதே வெளுப்பு நாணயத்தின் பரப்பையும் விழுங்கியிருக்கும். கைபேசிகள் தாமாகவே படத்தை வழவழப்பாக்கிவிடுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஸ்கேனரில் எடுத்த படங்களை நான் நம்புவதில்லை. ஒளி ஒரு கோணத்தில் மட்டுமே விழுவதால் நல்ல நாணயமும் அதில் சாம்பல் பூத்ததுபோல் தெரியலாம், கெட்ட நாணயமும் தப்பிவிடலாம்.

இதனால் நான் இப்போது விற்பவரிடம் படங்களைவிடச் சிறிய வீடியோவையே அதிகம் கேட்கிறேன். “ஒரே ஒரு பல்பின் கீழ், நாணயத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நான்கு பக்கமும் மெதுவாகச் சாய்த்து, இருபது வினாடிகள் எடுத்து அனுப்ப முடியுமா?” என்று மரியாதையாக எழுதுவேன். நாணயத்தை உறையிலிருந்து எடுக்க அவர் தயங்கினால் வற்புறுத்துவதில்லை. எடுக்கும்போது விரல் பட்டுவிட்டால் என் கேள்வியே அந்த நாணயத்துக்குக் கேடாக முடியும். உறையோடேயே சாய்த்துக் காட்டினாலும் போதும். நேர்மையான விற்பனையாளர்கள் பெரும்பாலும் சலிப்பில்லாமல் அனுப்புகிறார்கள். பதிலுக்கு, முன்பு போட்ட படத்தையே மறுபடி அனுப்புகிறவரிடம் நான் வாங்குவதில்லை.

கீறல்களைக் கண்டு அஞ்சத் தொடங்கியபின் நேர் எதிரான தவறு ஒன்றையும் செய்தேன். 1950களைச் சேர்ந்த அமெரிக்க ஃபிராங்க்ளின் அரை டாலர் ப்ரூஃப் ஒன்று விற்பனைக்கு வந்தது. ஃபிராங்க்ளினின் முகத்துக்கு எதிரே இணைகோடுகள் வரிசையாகத் தெரிந்தன. துடைத்த நாணயம் என்று ஒதுக்கிவிட்டேன். சேமித்து வைத்திருந்த படத்தை மாதங்கள் கழித்து மறுபடி பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தக் கோடுகள் முகத்தின் ஓரத்தில் கத்தரித்ததுபோல் நின்று, முகத்துக்கு அப்பால் பிடரிப் பக்கத்தில் அதே போக்கில் தொடர்ந்தன. கன்னத்தின் மேலோ கூந்தலின் மேலோ ஒரு கோடுகூட ஏறவில்லை. அவை அச்சை மெருகேற்றியபோது அச்சில் விழுந்த கோடுகள். அச்சில் வெற்றுப் பரப்புதான் மேடாகவும் உருவம் பள்ளமாகவும் இருக்கும் என்பதால், மெருகேற்றும் கல்லோ பொடியோ பள்ளத்துக்குள் இறங்காது. அச்சில் கீறலாக விழுந்தது நாணயத்தில் மேலெழும்பிய கோடாகப் பதியும். நாணயசாலையிலேயே பிறந்த கோடுகளாதலால் அவற்றைச் சேதமாக யாரும் கருதுவதில்லை. துணியால் துடைத்த கீறலோ உருவத்தின் மேடான இடங்களின் மீதும் ஏறி இறங்கும். எழுத்துகளின் அடியோரம் போன்ற, துணி எட்டாத மூலைகள் மட்டும் தப்பியிருக்கும். கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்க அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்த நாணயம் இன்று என்னிடம் இருந்திருக்கும்.

இதே வகையில் இன்னொன்று, நூலிழைத் தடம். அச்சைத் துடைத்த துணியின் ஒரு நூல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு நாணயத்தோடு சேர்ந்து அடிபட்டால், சுருண்ட மெல்லிய பள்ளம் ஒன்று பதிந்துவிடும். கீறல் நேராகவோ வளைந்தோ ஓடித் தேய்ந்து மறையும். நூல் தடமோ ஒரே கனத்தில் சுருளும், இரு முனைகளிலும் திடீரென்று முடியும். மிகப் பெரியதாக இருந்து கண்ணை உறுத்தினாலன்றி அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ப்ரூஃப் அல்லாததை ப்ரூஃப் என்று விற்பதும் நடக்கிறது, பல நேரங்களில் விற்பவரின் அறியாமையால். 1937 கிரவுன் புழக்கத்துக்கும் அடிக்கப்பட்டது, ப்ரூஃபாகவும் அடிக்கப்பட்டது. ஆண்டும் உருவமும் ஒன்றே. 1951இல் பிரிட்டன் திருவிழாவுக்காக வந்த கிரவுன்களோ ப்ரூஃபை ஒத்த பளபளப்போடு, அட்டைப் பெட்டியில் வைத்தே விற்கப்பட்டவை. அவற்றை ப்ரூஃப் என்று குறிப்பிடாத விற்பனைகளை நான் குறைவாகவே பார்க்கிறேன். இவை தவிர, சாதாரண நாணயத்தைச் சக்கரத்தில் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்குவதும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய நான் பார்ப்பது அகன்ற பரப்பை அன்று, அடைபட்ட சிறு இடங்களை: 9 என்ற எண்ணின் கண்ணுக்குள், ஆர் என்ற ஆங்கில எழுத்தின் வளையத்துக்குள், கேடயத்துக்கும் அதைத் தாங்கும் சிங்கத்துக்கும் இடையே. உண்மையான ப்ரூஃபில் அந்த இடுக்குகளுக்குள்ளும் கண்ணாடி இருக்கும், ஏனென்றால் பளபளப்பு அச்சிலிருந்து வந்தது. தேய்த்த நாணயத்தில் அந்த இடுக்குகள் மங்கலாகவும், எழுத்துகளின் உச்சிகள் வழுவழுத்தும் இருக்கும். எழுத்தைச் சுற்றி ஒரு மங்கல் வளையமும் தெரியும். விளிம்பையும் பார்க்க வேண்டும். ப்ரூஃபின் விளிம்பு சீவியதுபோல் சதுரமாக நிற்கும். உள்ளோரப் பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். விளிம்பு மழுங்கலாகத் தெரிந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பளபளப்பே குற்றச்சாட்டாகும் நாணயங்களும் உண்டு. ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டையொட்டி 1902இல் வந்த பிரிட்டிஷ் ப்ரூஃப்கள் மாட் வகையைச் சேர்ந்தவை. பரப்பு முழுவதும் நுண்ணிய மணல் தூவியதுபோல் மங்கலாக, ஒளியைத் திருப்பாமல் உறிஞ்சிக்கொண்டு நிற்க வேண்டும். அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக் கெடுத்தவர்கள் பலர். ஒருமுறை 1902இன் ப்ரூஃப் ஒன்றை, “கண்ணாடிபோல் மின்னுகிறது” என்று பெருமையோடு எழுதி ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்தார். படத்தைப் பார்த்தபோது எனக்கு வருத்தமே மிஞ்சியது. அந்தப் பரப்பைத் திரும்பக் கொண்டுவர எவராலும் முடியாது. அமெரிக்காவின் 1909 முதல் 1916 வரையிலான லிங்கன் சென்ட் ப்ரூஃப்களும் இதே மாட் வகைதான். வாங்க நினைக்கும் ஆண்டின் ப்ரூஃப் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ளாமல், இருக்கும் நிலையை எடைபோட இயலாது.

துணி செய்யாத கெடுதலை ரசாயனம் செய்யும். தயோயூரியா கலந்த அமிலக் கரைசலில் வெள்ளியை முக்கி எடுப்பதை டிப் செய்தல் என்பார்கள். கறுப்பு நீங்கும், அதோடு உலோகத்தின் மேற்பரப்பும் இம்மியளவு கரையும். ஒரு முறை, சில வினாடிகள் செய்தால் கண்ணாடி பிழைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பச் செய்ததை ஆவி படிந்த கண்ணாடிபோன்ற மூட்டத்தால் அறியலாம். உருவத்தின் மேலுள்ள உறைபனி போன்ற வெண்மையும் மெலிந்திருக்கும். அந்த வெண்மையும் கறுத்த கண்ணாடிப் பரப்பும் எதிரெதிராக நிற்பதைத்தான் கேமியோ என்கிறோம். 1950கள், 60களின் நாணயங்களில் புதிய அச்சின் முதல் சில அடிகளுக்கு மட்டுமே அது வலுவாகக் கிடைத்தது. அச்சு தேயத் தேய வெண்மை மறைந்தது. ஒளியை ஒதுக்கி எடுத்த ஒரே படத்தில் எந்த ப்ரூஃபையும் கேமியோவாகக் காட்டிவிடலாம் என்பதால், அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் விலை கேட்டால் வீடியோவில் அது எல்லாக் கோணத்திலும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நிறமேறிய வெள்ளியை நான் வெறுப்பதில்லை; இயல்பாக ஏறிய நிறம், துடைப்பிலிருந்து அந்த நாணயம் தப்பியதற்கு நல்ல அடையாளம். வெள்ளியின் மேல் சல்பைடு படலம் தடிக்கத் தடிக்க நிறம் ஓர் ஒழுங்கில் மாறும்: வெளிர்மஞ்சள், பொன்னிறம், செம்பழுப்பு கலந்த ஊதா, பிறகு நீலம். இந்த வரிசை தாறுமாறாகக் கலைந்து, மஞ்சளுக்குப் பக்கத்திலேயே அடர்நீலம் திட்டாக நின்றால் அது அடுப்பிலோ ரசாயனத்திலோ ஏற்றிய நிறமாக இருக்கலாம். கீறல்களின் மேலும் நிறம் ஒரே சீராகப் படர்ந்திருந்தால், துடைத்ததை மறைக்க நிறமேற்றியிருக்கிறார்களோ என்று யோசிப்பேன்.

பச்சை நிறத்தில் பிசுபிசுப்பான புள்ளிகள் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் பிவிசி கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறை. தொடக்க நிலையில் தூய அசிட்டோன் அதை நீக்கும். ஆண்டுக்கணக்கில் கிடந்து உலோகத்தை அரித்திருந்தால் அடியில் குழி இருக்கும். செம்பு நாணயத்தில் கரும்புள்ளியும் கைரேகையும் நிரந்தரம் என்றே கொள்ளலாம். செம்பின் நிறத்தைச் சிவப்பு, சிவப்பும் பழுப்பும், பழுப்பு என மூன்றாகப் பிரித்து மதிப்பிடுவதால், படத்தின் நிறம் சரியா என்று அருகிலுள்ள வெள்ளைப் பொருளோடு ஒப்பிடாமல் சிவப்பு என்று நம்பக் கூடாது.

அசல் பெட்டியில் இருப்பதாகச் சொல்லும் தொகுப்புகளிலும் கவனம் வேண்டும். 1950 முதல் 1955 வரை அமெரிக்க ப்ரூஃப் தொகுப்புகள் செலோஃபேன் பைகளில் இட்டு, ஸ்டேப்பிள் பின் அடித்து, சிறு அட்டைப் பெட்டியில் வந்தன. பின் துருப்பிடித்திருக்கிறதா, அதன் முனை நாணயத்தைத் தொட்டிருக்கிறதா என்று கேட்பேன். பெட்டி அசலாக இருந்து நாணயம் மாறியிருக்கவும் கூடும். ஒரே பெட்டியில் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்த நாணயங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற மாதிரிதான் நிறம் மாறியிருக்கும். எல்லாம் மங்கியிருக்க ஒன்று மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தால், அது பிற்பாடு மாற்றி வைத்ததாகவோ கழுவியதாகவோ இருக்கும்.

தரச்சான்று நிறுவனங்கள் நாணயத்தை மதிப்பிட்டு அடைத்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் உறைகளான ஸ்லாப்கள் பெரிய துணைதான். 1985இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி இரண்டுமே சான்றெண்ணைத் தங்கள் தளத்தில் சரிபார்க்க வசதி தருகின்றன. பல நாணயங்களுக்கு அங்கேயே படமும் இருக்கும். எண் பொருந்தினால் போதாது, போலி ஸ்லாப்களில் உண்மையான எண்களையே அச்சிடுகிறார்கள். ஆகவே படத்திலுள்ள நாணயத்தின் நிறத்திட்டையோ புள்ளியையோ விற்பவரின் படத்தோடு ஒப்பிடுவேன். ஸ்லாபின் சிட்டையில் தர எண்ணுக்குப் பதிலாக ‘டீடெய்ல்ஸ்’ என்று இருந்தால், துடைத்தல் போன்ற ஒரு குறையால் தர எண் மறுக்கப்பட்டது என்று பொருள். ஸ்லாபின் மேலுள்ள கீறலை நாணயத்தின் கீறலாக எண்ணி அஞ்சவும் வேண்டாம்: சாய்க்கும்போது பிளாஸ்டிக்கின் கீறல் நாணயத்தின் மேல் இடம்பெயர்ந்து நகரும், நாணயத்தின் கீறல் தன் இடத்திலேயே ஒளிர்ந்து அணையும். இதற்கும் வீடியோதான் வேண்டும்.

அண்மையில் 1950ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தொகுப்பொன்றை வாங்கினேன்; மொத்தம் 17,513 தொகுப்புகளே வெளிவந்தவை, ஒன்றில் 9 நாணயங்கள். விற்பவர் ஒவ்வொன்றையும் விளக்கின் கீழ் சாய்த்துக் காட்டி வீடியோ அனுப்பினார். பென்னியின் விளிம்போரம் பாதிக் கைரேகை ஒன்று ஒரு கோணத்தில் மட்டும் எழுந்து அணைந்தது. அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. வினாடியைக் குறிப்பிட்டு எழுதினேன். பார்த்துவிட்டு, தாமாகவே விலையைக் குறைத்தார். திருப்பியனுப்பும் காலக்கெடு எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டபின் பணம் அனுப்பினேன். பொதியைப் பிரிப்பதை இடைவெட்டில்லாமல் படம்பிடித்தேன். அன்றே, அவருடைய வீடியோவை ஓடவிட்டு, அதே வரிசையில் அதே கோணங்களில் ஒன்பதையும் சாய்த்துப் பார்த்தேன். கைரேகை அவர் காட்டிய இடத்தில் இருந்தது. வீடியோவில் தெரியாத ஒன்றும் இருந்தது: அரைப் பென்னியில், கப்பலின் பாய்மரத்துக்கு அருகே, கால் அங்குலத்துக்கும் குறைவான ஒரு சுருள். உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தேன். ஒரே கனம், இரு முனையிலும் திடீர் முடிவு. 1950இல் அச்சைத் துடைத்த துணியின் நூல் அது. பென்னியை அதன் இடத்தில் அப்படியே வைத்தேன்; கைரேகையைத் தொடவில்லை.